கேணி: கிண்டலடிச்ச சொல்லுக்கு ரெண்டாயிரம் வருஷக் கதை

இந்த எபிசோட்ல ராஜா இல்லை, போர் இல்லை, புதையலும் இல்லை. ஒரே ஒரு சொல்லைப் பத்தி மட்டும்தான் பேசப் போறோம். ரெண்டே எழுத்து: கேணி.

முதல்ல என் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். காலேஜ் படிக்கச் சென்னைக்கு வந்து ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் வாரம், ரூம்ல எல்லாரும் அவங்கவங்க ஊரைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். நான், "லீவு விட்டா எங்க ஊர்க் கேணியில குதிச்சு நாள் பூரா நீச்சல்தான்"னு சொன்னேன். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் ஒருத்தன், "கேணியா? அது என்னடா? கிணறுன்னு சொல்லு"ன்னான். இன்னொருத்தன் அதைக் "கேனை"யாக்கினான். அந்த வருஷம் முழுக்க எனக்குப் பட்டப்பேரே "கேணி"தான்.

பெரிய கொடுமையெல்லாம் இல்லை. ஹாஸ்டல் கிண்டல், அவ்வளவுதான். ஆனா நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்தச் சொல்லை விட்டுட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ எங்க ஆயா, "கேணிப் பக்கம் போவாத, படி பாசி புடிச்சிருக்கு"ன்னு சொல்லுச்சு. நான் ரொம்ப அறிவாளி மாதிரி, "அது கேணி இல்ல ஆயா, கிணறு"ன்னு திருத்தினேன். ஆயா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு வேலையைப் பார்க்கப் போயிடுச்சு.

பல வருஷம் கழிச்சு ஒரு பழைய இலக்கண உரையைப் புரட்டிக்கிட்டு இருந்தப்போ அந்தச் சொல் என் கண்ணுல பட்டுச்சு. அதுவும் ஊர் அடையாளத்தோட! இந்த எபிசோட் அங்க இருந்துதான் தொடங்குது.

இலக்கணம் கொடுத்த இடம்

தமிழ்ல நமக்குக் கிடைச்சிருக்கிற மிகப் பழைய இலக்கண நூல் தொல்காப்பியம். அதுல சொல்லதிகாரத்தோட கடைசி இயல், எச்சவியல். செய்யுள் எழுதப் பயன்படும் சொற்கள் நாலு வகைன்னு அங்க சொல்லியிருக்கு: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல்.

இயற்சொல்னா எல்லாருக்கும் நேரடியா புரியுற சொல். திரிசொல்னா படிச்சவங்களுக்குப் புரியுற இலக்கியச் சொல். வடசொல்னா வடமொழியில இருந்து வந்தது. திசைச்சொல்? அதுதான் நம்ம ஆளு. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த 12 பகுதிகள்ல, அந்தந்த ஊர்க்காரங்க தங்களுக்கு உரிய பொருள்ல வழங்குற சொல். இன்னிக்கு நாம "வட்டார வழக்கு"ன்னு சொல்றோமே, ஏறக்குறைய அதுதான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. தொல்காப்பியம் இந்தச் சொற்களை "தப்பான தமிழ்"னு ஒரு பட்டியல் போடலை. செய்யுள் செய்யுறதுக்கான மூலப்பொருள்னு பட்டியல் போடுது. கவிதை எழுத உட்காருறவன் கையில இருக்குற நாலு கூடையில ஒண்ணு, ஊர்ப்பேச்சு. இது ரொம்பப் பெரிய விஷயம்.

சரி, அந்த 12 நாடுகள் எது எது? எந்த ஊர்ல என்ன சொல்? இதைப் பல நூற்றாண்டு கழிச்சு வந்த உரையாசிரியர்கள் எழுதி வச்சிருக்காங்க. தொல்காப்பிய உரைகள்லயும் நன்னூல் உரைகள்லயும் இந்தப் பட்டியல் சின்னச் சின்ன வித்தியாசத்தோட வரும். சில உதாரணம் சொல்றேன். குடநாட்டுக்காரங்க அப்பாவை அச்சன்னு சொல்வாங்க. மலையாளத்துல இன்னிக்கும் அதுதான். குட்டநாட்டுக்காரங்க அம்மாவைத் தள்ளைன்னு சொல்வாங்க. காவிரி பாயுற புனல்நாட்டுக்காரங்க அம்மாவை ஆய்னு சொல்வாங்க. பன்றி நாட்டுக்காரங்க வயலைச் செய்னு சொல்வாங்க. நன்செய், புன்செய்னு நிலப் பத்திரத்துல இன்னிக்கும் எழுதுறோமே, அந்தச் செய்.

இந்த வரிசையில, அருவா நாட்டுக்காரங்க சின்னக் குளத்தைக் கேணின்னு சொல்வாங்கன்னு வருது.

அருவா நாடு எங்க இருக்கு? பொதுவா அறிஞர்கள் இதை வடதமிழகத்துல, தென்பெண்ணை ஆற்றை ஒட்டின பகுதின்னு சொல்றாங்க. அதுக்கு வடக்கே அருவா வடதலைன்னு இன்னொரு நாடு. கரிகாலன் அருவாளரை அடக்கினதா பட்டினப்பாலையில ஒரு குறிப்பு இருக்கு. தெலுங்குக்காரங்க தமிழை "அரவம்"னு சொல்றது இந்த அருவாவுல இருந்து வந்ததுன்னு ஒரு கருத்து கூட உண்டு. அவங்களுக்குப் பக்கத்து வீட்டுத் தமிழர் இவங்கதானே.

இதைப் படிச்சதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த ஹாஸ்டல் ரூம்தான். ஏன்னா திண்டிவனம் இந்த வட்டாரம்தான்.

மூணு பாட்டு, மூணு கேணி

இப்போ இலக்கியத்துக்குப் போவோம். இந்தச் சொல்லை யாரெல்லாம் கவிதையில எடுத்திருக்காங்க?

முதல் சாட்சி, சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டுல ஒண்ணு. பாடினவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்னிக்கும் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில இருக்கு. பாடப்பட்ட தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். ஓய்மா நாடுன்னா திண்டிவனம் சுத்துவட்டாரம். இந்தப் பாட்டுல பாணன் ஊர் ஊரா நடந்து போறான். வேலூர்ங்கிற ஊருக்கு வரும்போது, அங்க வேல் நுனி மாதிரி பூத்திருக்குற கேணி ஒண்ணு வருது. (இது கோட்டை இருக்குற வேலூர் இல்லை. நல்லியக்கோடன் நாட்டுக்குள்ள இருந்த வேற வேலூர்.) பூ பூக்குதுன்னா அது நீர்ப்பரப்பு தெரியுற குளம். உரைகாரங்க சொன்ன "சின்னக் குளம்" அப்படியே பொருந்துது. பாட்டும் அந்த நாட்டுப் பாட்டு, புலவரும் அந்தப் பக்கத்து ஆளு.

ரெண்டாவது சாட்சி, குறுந்தொகை 399-ஆவது பாட்டு. பாடினவர் பரணர். காதலனைப் பிரிஞ்ச பொண்ணோட உடம்புல ஒரு வாட்டமான நிறம் பரவும், அதுக்குப் பசலைன்னு பேர். அந்தப் பசலை எப்படி இருக்குன்னு அவ சொல்றா. ஊரே தண்ணி எடுக்குற கேணி. அதோட துறையில பாசி மூடிக் கிடக்கு. குடத்தை வைக்கிறப்போ, கை படுற இடத்துல பாசி விலகும். கையை எடுத்ததும் திரும்ப மூடிக்கும். அவன் தொட்டா பசலை விலகுது, விட்டா பரவிடுது. அவ்வளவுதான் பாட்டு. தினமும் தண்ணி எடுக்கப் போற பொண்ணு மட்டும்தான் இப்படி ஒரு உவமையைச் சொல்ல முடியும். எங்க ஆயா சொன்ன "படி பாசி புடிச்சிருக்கு" இங்க அப்படியே உட்கார்ந்திருக்கு பாருங்க.

மூணாவது சாட்சி எல்லாருக்கும் தெரிஞ்சவர். வள்ளுவர். 396-ஆவது குறள், ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. மணற்கேணியில தோண்டத் தோண்டத் தண்ணி ஊறும், அதே மாதிரி படிக்கப் படிக்க அறிவு ஊறும். இதுல "தொட்ட"ங்கிற சொல்லைப் பல பேர் கையால தொடுறதுன்னு நினைச்சுக்குறாங்க. இல்லை. பழைய தமிழ்ல தொடுதல்னா தோண்டுதல்னும் பொருள் உண்டு. மேலாப்ல தொட்டா ஊறாது, தோண்டணும்.

இந்த மூணாவது கேணி குளம் இல்லை, கவனிச்சீங்களா? ஆத்து மணல்லயோ கடற்கரை மணல்லயோ கையால தோண்டுற ஊற்று. ராமநாதபுரம் பக்கம் காய்ஞ்ச மணல்ல ஊத்துத் தோண்டி, சிரட்டையால தண்ணி மொண்டு குடத்துல ஊத்துறதைப் பார்த்தவங்களுக்கு இந்தக் குறளுக்கு உரையே வேண்டாம்.

சொல் எங்க பிறந்துச்சு?

இங்க ஒரு சிக்கல் வருது. நல்லா கேளுங்க, எபிசோட்ல முக்கியமான இடம் இதுதான்.

உரையாசிரியர்கள் கேணியை அருவா நாட்டுச் சொல்னு சொன்னாங்க. நத்தத்தனார் அந்தப் பக்கத்து ஆளு, சரி. ஆனா பரணரும் வள்ளுவரும் ஏன் அதை எடுத்தாங்க? வட்டாரச் சொல் எப்படி எல்லார் வாயிலயும் இருக்கும்?

அவசரப்பட்டா, "பாருங்க, எங்க ஊர்ச் சொல்லை எல்லாப் புலவரும் கடன் வாங்கிட்டாங்க"ன்னு நான் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆனா காலத்தைப் பார்க்கணும். சங்கப் பாட்டுக்கும் இந்த இடைக்கால உரைகளுக்கும் நடுவுல ஆயிரம் வருஷம் அளவுக்கு இடைவெளி இருக்கு. உரைகாரங்க அவங்க காதுல விழுந்த தமிழைத்தான் எழுதினாங்க. அதுல கேணிங்கிற சொல் ஒரு பக்கத்து மக்கள் வாயில தூக்கலா கேட்டிருக்கு. அதனால அந்தச் சொல் அங்கதான் பிறந்துச்சுன்னு ஆகிடாது. முன்னாடி எல்லா இடத்துலயும் இருந்த ஒரு சொல், மத்த ஊர்கள்ல மெதுவா தேய்ஞ்சு, ஒரு பகுதியில மட்டும் நின்னிருக்கலாம்.

இதுக்குத் துணையா இன்னொரு சொல் இருக்கு. அதே பட்டியல்ல, சீத நாட்டுக்காரங்க நண்பனை எலுவன்னு சொல்வாங்கன்னு வரும். ஆனா குறுந்தொகை 129-ல நண்பனை "எலுவ"ன்னு கூப்பிடுறவர் யாரு? கோப்பெருஞ்சோழன். பேர்லயே சோழன், காவிரிக்கரை ஆளு. அவர் வாயில சீத நாட்டுச் சொல்!

அதனால எனக்குத் தோணுறது இதுதான். ஒரு சொல்லை வட்டாரச் சொல்னு சொல்றப்போ, அது எங்க பிறந்துச்சுன்னு நாம சொல்லலை. அது கடைசியா எங்க தங்கியிருக்குன்னுதான் சொல்றோம். எல்லாரும் காலி பண்ணிட்டுப் போன வீட்டுல ஒரு பாட்டி மட்டும் விளக்கேத்திக்கிட்டு இருக்குற மாதிரி. "இது என்ன பட்டிக்காட்டுச் சொல்"னு நாம சிரிக்கிற பல சொற்கள் ஒரு காலத்துல எல்லாரோட சொல்லாவும் இருந்திருக்கலாம்.

"கிணறுன்னு சொல்லு"ன்னு என்னைத் திருத்துனானே, அவனுக்கும் ஒரு தகவல். சங்கப் பாடல்கள்ல இந்தக் கிணத்துக்குக் கூவல்னு ஒரு சொல் வரும். அன்னிக்கு யாராவது "கூவல்னு சொல்லுடா"ன்னு திருத்தியிருப்பாங்களோ என்னவோ! இன்னிக்குக் கூவல்னு சொன்னா கோழியைத்தான் தேடுவோம். சரியான சொல்லும் இடம் மாறிக்கிட்டேதான் இருக்கு.

சென்னைக்குள்ள ஒரு கேணி

இப்போ சென்னைக்காரங்களுக்கு. மேன்ஷன், பிரியாணி, பழைய புத்தகக் கடை, கிரிக்கெட் ஸ்டேடியம். எந்த ஏரியான்னு சொல்லிட்டீங்க. டிரிப்ளிகேன். வெள்ளைக்காரன் வாயில அப்படி நசுங்கின பேர் உண்மையில திருவல்லிக்கேணி. திரு, அல்லி, கேணி. அல்லிப்பூ பூத்த குளம்.

அங்க இருக்குற பார்த்தசாரதி கோயில் பழசு. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூணு பேரும் இந்தத் தலத்தைப் பாடியிருக்காங்க. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு அந்தக் கோயில்ல இருக்கு. அதாவது மெட்ராஸ்னு ஒரு ஊர் வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே அந்தக் கேணி அங்க இருந்திருக்கு. கோயில் குளத்துக்கு வடமொழியில கைரவிணின்னு பேர். கைரவம்னாலும் அல்லிதான். சொல் மாறியும் பூ மாறலை.

இதே சென்னையில, கொஞ்சம் வடக்கே போனா ஏழு கிணறுன்னு ஒரு ஏரியா. 1772-ல கோட்டைக்குத் தண்ணி கொண்டுபோக கம்பெனிக்காரங்க போட்ட திட்டத்துல வந்த பேர். ஒரே ஊர்ல ரெண்டு காலம்: பழைய பேர்ல கேணி, கம்பெனி காலத்துப் பேர்ல கிணறு. இது ஒரு விதின்னு சொல்ல வரலை. ஆனா அடுத்த தடவை அந்தப் பக்கம் பஸ்ல போறப்போ போர்டை ஒரு தடவை நல்லா பாருங்க.

கடல் தாண்டி, மலை ஏறி

கேணி தமிழ்நாட்டோட நிக்கலை. இலங்கையில, குறிப்பா யாழ்ப்பாணத்துல, கோயில் பக்கத்துல படிக்கட்டு வச்சுக் கட்டின குளத்தைக் கேணின்னுதான் சொல்றாங்க. கோயில் திருவிழாவுல சாமி தீர்த்தமாடுற இடம் தீர்த்தக்கேணி. கடலோரமா இருக்குற கீரிமலைக் கேணியில ஆடி அமாவாசைக்கு முன்னோருக்காகத் தீர்த்தமாட மக்கள் கூடுவாங்க. மட்டக்களப்பு மாவட்டத்துல மாங்கேணி, முல்லைத்தீவுல கருநாட்டுக்கேணின்னு ஊர்ப்பேர்லயும் இருக்கு. அங்க ஒருத்தர் கேணின்னு சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. பழைய "சின்னக் குளம்" பொருள் அங்கதான் பத்திரமா இருக்கு.

கேரளாவுல வயநாட்டுக்குப் போங்க. அங்க பழங்குடி மக்கள் ஊற்று இருக்குற இடத்துல, குடைஞ்ச பனைமரத் தண்டை மண்ணுக்குள்ள இறக்கி, சின்னதா ஒரு நீர்த்தொட்டி மாதிரி அமைப்பாங்க. அதுக்கும் பேர் கேணி. அதைப் புனிதமா பார்த்துக்குறாங்க.

எங்க ஊர்ல கேணின்னா வயலுக்கு நடுவுல படி வச்ச பெரிய பாசனக் கிணறு. ஒரு சொல், இத்தனை உருவம். எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஆறு இல்லை, ஏரி இல்லை. மனுஷன் இறங்கி, குனிஞ்சு, கையால மொள்ளுற தூரத்துல இருக்குற தண்ணி.

பாரதி கேட்ட கேணி

பாரதியார் பராசக்திகிட்ட காணி நிலம் கேட்ட பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதுல ஒரு மாளிகை கேக்குறார், தென்னைமரம் கேக்குறார். அந்தத் தென்னை எங்க நிக்கணும்? கேணி பக்கத்துல. கிணறுன்னு ஏன் போடலை? காணி, கேணி: ரெண்டாவது எழுத்து ஒண்ணா வர்ற எதுகை. காதுக்கு அந்தச் சொல்தான் வேணும். எட்டயபுரத்துல பிறந்து, கரிசல் காட்டுப் பேச்சு கேட்டு வளர்ந்த கவிஞருக்குத் தேவைப்பட்ட நேரத்துல இந்தச் சொல் கையில இருந்துச்சு. தொல்காப்பியம் சொன்ன கூடை இதுதான்.

அந்தப் பாரதி கடைசி நாட்கள்ல வாழ்ந்தது, 1921-ல இறந்தது எங்க? திருவல்லிக்கேணியில.

நம்ம காலத்துலயும் அந்தக் கூடையை நிரப்பினவங்க இருக்காங்க. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு 1982-ல ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார். கொங்குப் பகுதிக்குப் பெருமாள்முருகன், எங்க பக்கத்து நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன். மூணு பேருமே கதை எழுதுறவங்கங்கிறதைக் கவனிங்க. ஊர்ச்சொல் இல்லாம அவங்க எழுத்து நடக்காது. பத்திரிகையாளர் ஞாநி சென்னையில தன் வீட்டுக் கிணற்றடியில நடத்தின இலக்கியச் சந்திப்புக்குக் "கேணி"ன்னுதான் பேர் வச்சார்.

கடைசியா

நான் விட்ட சொல் எந்த அதிகாரத்துல வருது தெரியுமா? 396-ஆவது குறள் இருக்குற அதிகாரத்தோட பேர், கல்வி. படிக்கப் போன இடத்துல, கல்வியைப் பத்தின குறள்ல இருக்குற சொல்லை, படிக்காதவங்க சொல்லுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டு வந்தேன். அதையே பிடிச்சுக்கிட்டு இருந்த, பள்ளிக்கூடம் பக்கமே போகாத எங்க ஆயாவைத் திருத்தவும் செஞ்சேன்.

ஊர்விட்டு ஊர் வந்து வேலை பார்க்குற நம்ம பல பேர் இதைச் செய்றோம். ஆபீஸ்ல, ரூம்ல, போன்ல, கொஞ்சம் கொஞ்சமா ஊர்ச்சொல்லை உதிர்த்துட்டு எல்லாரும் பேசுற ஒரு பொதுத் தமிழுக்கு மாறிடுறோம். புரியணும்ங்கிறதுக்காக மாத்துறது தப்பில்லை. வெக்கப்பட்டு மாத்துறதுதான் நஷ்டம். வெக்கப்பட்டு விட்ட சொல்லை நாம நம்ம பிள்ளைங்ககிட்ட சொல்ல மாட்டோம். அதோட அது முடிஞ்சுடும்.

ஆயா இப்போ இல்லை. அந்தக் கேணி இருக்கு, தண்ணி ரொம்பக் கீழே போயிடுச்சு. போன மாசம் ஊருக்குப் போனப்போ என் அக்கா பொண்ணு அதுகிட்ட ஓடினா. நான் என்னை அறியாம, "கேணிப் பக்கம் போவாத"ன்னு கத்தினேன்.

அவ நின்னு திரும்பி, "கேணின்னா என்ன மாமா?"ன்னு கேட்டா. சொன்னேன். இந்த எபிசோட்ல சொன்ன எல்லாத்தையும் இல்லை. பரணர் பாசி கதையை மட்டும்.

உங்க ஊர்ல, உங்க வீட்டுல, யாராவது கிண்டல் பண்ணினதால நீங்க பேசறதை நிறுத்தின ஒரு சொல் இருக்கும். இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டா, அந்தச் சொல்லை வச்சு ஒரு வாக்கியம் பேசிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வணக்கம்.